வளைந்த சல்யூட்

ரோல்கால் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போது ஏட்டு இசக்கியப்பனின் வலது கை விரல்கள் அவர் பேச்சைக் கேட்க மறுத்துவிட்டன.

இது புதிதல்ல. ஆறு மாதமாகவே காலை எட்டரை மணிவரை அந்த விரல்கள் யாருக்கும் கட்டுப்படுவதில்லை. ஆனால் இன்று புது இன்ஸ்பெக்டர் பொறுப்பேற்கிற நாள். மதுரையிலிருந்து வந்திருந்த உமா மகேஸ்வரி, குற்றாலச் சாரலில் நனைந்து நின்ற வரிசையை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். இசக்கியப்பனின் முறை வந்தது.

அவர் கையைத் தூக்கினார். தோள் முனகியது. முழங்கை யோசித்தது. மணிக்கட்டு பாதி வழியில் நின்று இளைப்பாறியது. ஒருவழியாக நெற்றிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கை சல்யூட் போலவே இல்லை. காற்றில் அணையாமல் இருக்கத் தீக்குச்சியைப் பொத்திப் பிடிக்கிறவனின் கை போல இருந்தது.

இன்ஸ்பெக்டர் நின்றார். கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். திரும்பவும் கையைப் பார்த்தார்.

"ஏட்டையா, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லம்மா."

"நிச்சயமா?"

"நிச்சயமா ஒண்ணுமில்லம்மா."

பக்கத்தில் நின்ற ஏட்டு வேல்சாமி, யாரும் கேட்காமலேயே வாயைத் திறந்தார். "அம்மா, எனக்கு முதுகுல ஒரு பிடிப்பு இருக்கும்மா. குனிஞ்சா நிமிர முடியல. நிமிந்தா குனிய முடியல."

"உங்களக் கேக்கலையே" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் நகர்ந்தார்.

இசக்கியப்பன் மனதுக்குள் கணக்குப் போட்டார். சர்வீஸ் இருபத்து நாலு வருடம் எட்டு மாதம். இன்னும் நாலு மாதம் போனால் இருபத்தைந்து முடிந்து சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் ஆகலாம். தோளில் நட்சத்திரம் வரும். அதற்குள் 'உடல் தகுதி இல்லை' என்று எவராவது ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது. அப்படி ஒரு வரி எழுதப்பட்ட ஒருவரை அவர் முன்பு கடையம் ஸ்டேஷனில் பார்த்திருக்கிறார். சாமான் போட்டு வைக்கிற கிட்டங்கியில் பழைய தொப்பிகளுக்குக் காவல் இருந்தார். யாராவது உள்ளே வந்தால் எழுந்து நின்று, உட்காரச் சொல்வார்கள் என்று காத்திருப்பார். யாரும் சொல்ல மாட்டார்கள்.

இலஞ்சியில் இசக்கியப்பனின் வீட்டுக் காலைப்பொழுதுகள் வேறு மாதிரி ஆகி வெகுநாளாயிற்று. விழித்ததும் அவர் எழ மாட்டார். கூரையைப் பார்த்துக்கொண்டு, உடம்பில் எந்தெந்த மூட்டு இன்று தன் பக்கம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். பெரும்பாலும் எதுவும் இருக்காது. பேஸ்ட் மூடி திறக்காது. வாளியின் கைப்பிடி எதிரியாகிவிடும். சட்டைப் பட்டனை மனைவி ஆனந்தவள்ளிதான் போட்டுவிடுவாள்.

"கல்யாணம் ஆன புதுசுலகூட நீங்க இப்படி என் முன்னால நின்னதில்ல" என்றாள் அவள், மூன்றாவது பட்டனில்.

அந்த வீட்டில் அவர் பேசாமல் இருக்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. அவளும் அதை ஒரு சாமானைப் போலச் சுற்றி நடக்கப் பழகியிருந்தாள்.

"டாக்டர்கிட்டப் போவோமா மாட்டோமா?"

"தண்ணியில நிக்கிற வேலை. சளி பிடிச்ச மாதிரி மூட்டுக்கும் ஏதோ பிடிச்சிருக்கு."

"பதினாலு இடத்துலயா பிடிக்கும்?"

எண்ணியிருக்கிறாள். அது அவருக்கு வலியைவிட அதிகமாக வலித்தது.

சனிக்கிழமைதோறும் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வந்து பார்க்கும் டாக்டர் விஜயசங்கர் விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் என்று ஒவ்வொரு மூட்டாக அமுக்கி, "இங்கன வலிக்குதா? இங்கன?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். ரத்தப் பரிசோதனைத் தாளையும் பார்த்தார்.

"இருபத்தெட்டு மூட்டு பாத்தேன். பதினாலுல வீக்கம்."

"பாஸா, ஃபெயிலா டாக்டர்?"

"இதுல முட்டை வாங்குனாத்தான் பாஸ்." டாக்டர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். "உடம்புக்குள்ள ஒரு காவல் படை இருக்கு ஏட்டையா. கிருமி வந்தா அடிச்சுத் துரத்துறதுதான் அதுக்கு வேலை. உங்களுக்கு அந்தப் படை ஆள் மாறி உங்க மூட்டையே அடிக்குது. அதான் வீக்கம். அதான் காலையில மணிக்கணக்கா விறைப்பு."

இசக்கியப்பன் தன் விரல்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "யாரு ஆர்டர் போட்டது?"

"அது தெரியாது."

"ஆர்டர் இல்லாம எப்படி லத்தி சார்ஜ் பண்ணும்?"

"பண்ணுதே" என்றார் டாக்டர் வருத்தமாக.

இரண்டு மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். பெரிய மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும். தவறியும் தினமும் போடக் கூடாது, ஆபத்து. மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். அது வேலை செய்ய இரண்டு மாதம் ஆகும். அதுவரை தாங்குவதற்கு மூன்று வாரத்துக்குச் சின்ன மாத்திரை. "சின்னது போட்டா ராஜா மாதிரி இருக்கும். அதை நம்பி ஆடிராதீங்க. பெரியதை நிறுத்தவும் செய்யாதீங்க. காலையில கையை வெந்நீர்ல வச்சு மெதுவா மடக்கி நீட்டுங்க. குளிர்ந்த தண்ணியில மணிக்கணக்கா நிக்காதீங்க." பிறகு ஒரு கடிதம் எழுதினார். நோயின் பெயர், காலை நேரத்தில் இலகுவான வேலை தர வேண்டுகோள், கையெழுத்து, முத்திரை. "இத உங்க இன்ஸ்பெக்டர்கிட்டக் குடுங்க. ஒளிக்கிற வியாதி இல்ல இது."

இசக்கியப்பன் அந்தக் கடிதத்தை நாலாக மடித்துத் தொப்பியின் உள்பட்டைக்குள் செருகினார். தலைக்கு இவ்வளவு நெருக்கமாக இருக்கிற ஒரு காகிதத்தை யாரும் தேட மாட்டார்கள்.

மறுவாரம் ஸ்டேஷனில் ஒரு புது நாற்காலி வந்து இறங்கியது. கை வைத்த நாற்காலி, மெத்தை போட்டது. அதற்கு முன்னால் ஒரு மேசை. மேசைமேல் தண்ணீர் சுட வைக்கிற மின்சாரக் கெட்டில். சாரல் அடிக்காத மூலை, தலைக்கு மேலே விளக்கு. எல்லாம் வந்தது, உட்கார ஆள் மட்டும் வரவில்லை.

"யாருக்குவே இது?" என்று கேட்டார் இசக்கியப்பன்.

வேல்சாமி குரலைத் தாழ்த்தினார். ஸ்டேஷனில் நடக்கிற எல்லாவற்றையும் பாதி தெரிந்துவைத்திருந்து மீதியைத் தானே செய்துகொள்கிறவர் அவர். "அம்மா மேல எழுதி ஆள் கேட்டிருக்காங்களாம். யாரோ ஒருத்தன் வருதான். ஒருத்தன் வந்தா ஒருத்தன் போகணும்லா?"

"யாரு போவான்?"

"தெரியல. கை கால் சரியில்லாதவனாப் பாத்து அனுப்புவாங்களா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேல்சாமி தன் முதுகைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

அன்று முழுவதும் அந்தக் காலி நாற்காலி இசக்கியப்பனைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

விறைப்பு விட ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்றால் ஒன்றரை மணி நேரம் முன்னால் எழுந்துகொள்ள வேண்டியதுதான். அப்படித்தான் முதல் தீர்வு பிறந்தது. ஏழு மணி ரோல்காலுக்கு ஐந்தரைக்கே ஸ்டேஷன் போய்விட்டார். சின்ன மாத்திரையும் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டி, தோளைச் சுற்றி, முழங்காலைத் தூக்கி இறக்கினார். ஐந்தாம் நாள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏட்டையா, இவ்வளவு காலையில என்ன பண்றீங்க?" நடைப்பயிற்சி உடையில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார்.

"பிராக்டிஸ்ம்மா."

"என்ன பிராக்டிஸ்?"

மூட்டு என்று சொல்ல வாய் திறந்தது. கண்ணில் அந்த நாற்காலி வந்து நின்றது. "கவாத்தும்மா. விட்டுப் போயிரக் கூடாதுன்னு."

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். "வேற ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லம்மா."

அன்று மாலையே பலகையில் உத்தரவு ஒட்டப்பட்டது. சுதந்திர தினக் கவாத்துக்கு நம் அணியைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு, தலைமைக் காவலர் இசக்கியப்பன்.

கவாத்திலிருந்து தப்பிக்க வழி ஒன்றுதான். அருவி டூட்டி. அங்கே சல்யூட் கிடையாது, விசிலும் லத்தியும்தான். அவராகவே போய்க் கேட்டார்.

"மெயின் அருவியில கூட்டம் ஜாஸ்திம்மா. காலையில நான் அங்கன நிக்கேன்."

"தண்ணியில நிக்கணுமே. பரவாயில்லையா?"

"எனக்குத் தண்ணின்னா உசுரும்மா."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். திறந்தார். "சரி. அஞ்சரையிலேருந்து ஏழுவரை கவாத்து சொல்லிக் குடுங்க. எட்டு மணிக்கு அருவிக்குப் போங்க."

இரண்டும் கிடைத்தன.

மூன்று வாரம் முடிந்து சின்ன மாத்திரை நின்றது. அதற்கு முன்பே அவர் பெரிய மாத்திரையையும் விட்டிருந்தார். உடம்புதான் சரியாகிவிட்டதே. மேலும், ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டால் திங்கட்கிழமை முழுக்கக் குமட்டியது. குமட்டலோடு கவாத்து சொல்லித்தர முடியாது. சின்னது நின்ற நான்காம் நாள், பதினாலு மூட்டுகளும் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பின. வரும்போது இரண்டு புது ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தன.

அந்த நிலையில்தான் கேரளத்திலிருந்து வந்த புனலூர்க்காரர் ஒருவர் உடம்பு முழுக்க எண்ணெய் வழிய, அருவிக்குக் கீழே வழுக்கினார். இசக்கியப்பன் பாய்ந்து அவர் புஜத்தைப் பிடித்தார். கூட்டம் கைதட்டியது.

புனலூர்க்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். "நன்னி சாரே. இனி விட்டோளூ."

விடத்தான் நினைத்தார். விரல்கள் மூடிக்கொண்ட வாக்கில் அப்படியே பூட்டிக்கொண்டன.

"சாரே, கை விடு சாரே."

"கொஞ்சம் பொறுங்க."

"ஞான் ஒண்ணும் செய்தில்லா சாரே!"

கைதட்டிய கூட்டம் இப்போது சந்தேகப்பட்டது. "திருடன் போலுக்கு" என்றார் ஒருவர். பெண்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். வெந்நீர் இல்லாமல் இந்த விரல் திறக்காது என்று இசக்கியப்பனுக்குத் தெரியும். வெந்நீர் இருப்பது டீக்கடையில். ஈரத்துண்டோடு நின்றவரை அப்படியே பிடித்தபடி கடைவீதி வழியாக நடந்தார். பின்னால் நூறு பேர் நடந்தார்கள்.

"டீ சாப்பிடுதீரா?" என்று கேட்டார் வழியில், குற்ற உணர்ச்சியோடு.

"எனிக்கு வக்கீலினெ வேணம்" என்றார் புனலூர்க்காரர் அழுகிற குரலில்.

கொதிக்கிற பாய்லருக்குப் பக்கத்தில் கையைக் காட்டிப் பத்து நிமிடம் நின்ற பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அதற்குள் யாரோ படம் எடுத்திருந்தார். மறுநாள் பேப்பரில் வந்தது: 'வழுக்கியவரை விடாமல் பிடித்த ஏட்டு'. எஸ்.பி. போனில் கூப்பிட்டுப் பாராட்டினார்.

அருவி டூட்டியிலிருந்து நனைந்தபடி வந்து, தொப்பியைக் கழற்றி அந்தப் பாராட்டைக் கேட்டபோது உள்பட்டையிலிருந்து நீலத் தண்ணீர் சொட்டியது. கடிதம் கூழாகியிருந்தது. டாக்டரின் முத்திரை மட்டும் அவர் நெற்றியில் தலைகீழாகப் பதிந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் நெற்றியைப் பார்த்தார். "என்ன ஏட்டையா அது?"

"மைம்மா."

"கடுதாசி ஏதாவது இருந்தா எங்கிட்டக் குடுக்கலாம்."

ஆதாரம் சேர்க்கிறார்கள் என்று இசக்கியப்பன் நினைத்தார். "ஒண்ணுமில்லம்மா."

ஆகஸ்ட் பிறந்தது. இருபத்து நாலு இளம் காவலர்கள் அவர் முன்னால் தினமும் நின்றார்கள். முதல் நாளே அவர் செய்த தவறு, "பேச்செல்லாம் வேண்டாம்லே, நான் காட்டுறதப் பாத்து அப்படியே செய்யுங்க" என்று சொன்னது. பேசாமல் சொல்லிக்கொடுப்பது அவருக்குப் பிடித்திருந்தது. அவர்களுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்று கையைத் தூக்குவார். பின்னால் இருபத்து நாலு கைகள் ஒரே நேரத்தில் எழும்பும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் அவ்வளவு சுத்தமாக இருக்கும். நாள் முழுவதிலும் அவர் உடம்பு வலியை மறந்திருந்தது அந்த ஒரு நொடிதான்.

பத்தாம் தேதி சல்யூட்டின் நடுவில் திரும்பிப் பார்த்தார்.

இருபத்து நாலு பேரும் தீக்குச்சியைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே! என்னலே இது?"

"சல்யூட் ஏட்டையா" என்றான் முன்வரிசைக்காரன் ஒருவன். "நீங்க காட்டுனதுதான். சுண்டு விரலு லேசா வெளிய போகணும், நடு விரலு உள்ள வளையணும், மணிக்கட்டு கீழ இறங்கணும். மொதல்ல வரவே இல்ல. ஒரு வாரம் ரூம்ல கண்ணாடி முன்னால நின்னு பழகுனோம்."

"நேரா வைங்கலே!"

வைத்தார்கள். பன்னிரண்டு பேருக்கு நேராயிற்று, பன்னிரண்டு பேருக்கு வளைந்தே நின்றது. மறுநாள் வளைந்தவர்களில் சிலர் நேரானார்கள், நேரானவர்களில் சிலர் வளைந்தார்கள். ஒரே வரிசையில் பல வகையாகக் கைகள் நிற்பதைப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது. பன்னிரண்டாம் தேதி தோற்றுப்போய்ச் சொன்னார். "சரி. எல்லாரும் பழையபடியே வளைங்க."

அன்று இரவு சாப்பாட்டில் அவரால் தோசையைப் பிய்க்க முடியவில்லை. ஆனந்தவள்ளி பிய்த்து வைத்தாள். "அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? கடிச்சா தின்னுருவாங்க?"

"நாற்காலி போட்டாச்சு ஏட்டி" என்றார். "ஆள் வரப் போறான். நான் விழுற நாளைக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க."

சுதந்திர தினத்தன்று தென்காசி மைதானத்தில் எஸ்.பி. அணிகளைப் பார்வையிட்டுக்கொண்டு வந்து இவர்கள் முன்னால் நின்றுவிட்டார். இருபத்து நாலு வளைந்த கைகள். எல்லாவற்றுக்கும் முன்னால், எல்லாவற்றையும்விட நன்றாக வளைந்த ஒரு கை.

"இது என்ன முறை?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டார்.

உமா மகேஸ்வரி மெல்லத் திரும்பினார். இசக்கியப்பனின் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் போல ஏதோ இருந்தது. இசக்கியப்பனுக்கு அதன் பொருள் விளங்கவில்லை.

"ஏட்டையாவே சொல்லட்டும் சார்" என்றார்.

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். அவருக்குள் எட்டு மாதமாகக் கிடந்த வாக்கியம். அது தொண்டைவரை வந்தது. அங்கே ஒரு மூட்டு இருந்திருக்க வேண்டும், பிடித்துக்கொண்டது.

"பழைய கவாத்து முறைங்கய்யா. எங்க வாத்தியார் சொல்லிக் குடுத்தது."

எஸ்.பி. வரிசையை ஒருமுறை முழுக்கப் பார்த்தார். "இருபத்தி நாலு கையும் ஒரே அச்சு! எந்த டீம்லயும் நான் இப்படிப் பாத்ததில்ல." பரிசு அறிவிக்கப்பட்டது. கூடவே உத்தரவும். அடுத்த வாரத்திலிருந்து சுற்றுவட்டார ஸ்டேஷன்கள் எல்லாவற்றுக்கும் இசக்கியப்பனே கவாத்துப் பயிற்சி தர வேண்டும். தினமும் காலை ஐந்து மணி. குடியரசு தினம்வரை.

கோப்பையை அவர் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் நெருக்கி வாங்கிக்கொண்டார். அதைப் பணிவு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் கைதட்டாமல், போனை எடுத்துக்கொண்டு ஜீப் பக்கம் போனார்.

இசக்கியப்பன் ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டு. உள்ளே நுழைந்தவர் வாசலிலேயே நின்றார். மூலையில் அந்த நாற்காலி காலியாக இல்லை. வேல்சாமி உட்கார்ந்திருந்தார். கெட்டில் முனகிக்கொண்டிருந்தது.

"இப்பதான் அம்மா போன்ல சொன்னாங்கவே. நாளையிலேருந்து பத்து மணிக்கு வந்தாப் போதுமாம். வர்ற மனுக்களை வாங்கி எழுதணும், அவ்வளவுதான். ரெண்டு மாசமா முதுகு முதுகுன்னு நச்சரிச்சது வீண் போகல."

இசக்கியப்பனின் நெஞ்சிலிருந்து இரண்டு மாதப் பாரம் இறங்கியது. வெளியூர் ஆள் யாரும் வரவில்லை. ஓரமாக உட்கார வைக்கப்பட்டவர் வேல்சாமி. பாவம், அது தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார். தாம் தப்பித்தாயிற்று. நட்சத்திரம் தப்பித்துவிட்டது. பதினாறு மூட்டும் ஒரே நேரத்தில் வலித்தாலும், அந்த நொடியில் அவர் நிமிர்ந்து நிற்க முயன்றார். ஏறக்குறைய நிமிர்ந்தார்.

வெளியே டிரைவர் பென்னி ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இசக்கியப்பன் கோப்பையை முழங்கையில் இடுக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"பாத்தியா பென்னி. கடைசியில வேல்சாமியைத் தூக்கி அந்த நாற்காலியில போட்டுட்டாங்க. நல்லவேளை, நான் பிழைச்சேன்."

பென்னி துடைப்பதை நிறுத்தினான்.

"அது உங்களுக்குன்னு வாங்கிப் போட்டது அண்ணாச்சி, மொத நாளே உங்க கையப் பாத்துட்டு அம்மா மேல பேசி அனுமதி வாங்கிட்டாங்க, நீங்க வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கட்டும்னுதான் ரெண்டு மாசமாக் காலியாவே வச்சிருந்தாங்க."